பிறப்புச் சான்றிதழில் தேதி தப்பா? முதலில் மணியைப் பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: "ஆறு வயது மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறு. பிறந்த தேதியும் 15 என்று இருக்கிறது, பள்ளியில் 14 என்று கொடுத்துவிட்டோம். புதிதாக இன்னொரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்கிறார் ஒருவர், கோர்ட்டுக்குத்தான் போகணும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?"

இரண்டுமே வேண்டாம். முக்கியமாக அந்த இன்னொரு சான்றிதழ் வேண்டவே வேண்டாம். ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவு இருந்தால் பின்னால் பாஸ்போர்ட் சமயத்தில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான், பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு செய்வது குற்றமும்கூட.

தேதிக்கு வருவோம். குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தாள்? ராத்திரி 12 மணிக்கு மேல், விடிவதற்குள் என்றால் சான்றிதழில் இருப்பதுதான் சரி. நம் வீடுகளில் சூரியன் உதித்தால்தான் மறுநாள், ஜாதகமும் அப்படித்தான் எழுதுவார்கள், அதனால் 15ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குப் பிறந்த பிள்ளையைப் பாட்டி 14 என்றே சொல்லிச் சொல்லி அதுவே பள்ளி வரைக்கும் போய்விடும். அரசாங்கக் கணக்கில் நள்ளிரவோடு தேதி மாறிவிடுகிறது. அப்படியானால் திருத்த வேண்டியது பள்ளிப் பதிவைத்தான், அதுவும் இப்போதே, பத்தாம் வகுப்பு வரை தள்ளிப் போடாமல்.

இல்லை, நள்ளிரவுக்கு முன்னால்தான் பிறந்தாள் என்றால் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பிறந்த நேரம் அதில் இல்லையென்றால் அவர்களுடைய பிரசவப் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த விவகாரத்தில் அதைவிட வலுவான காகிதம் கிடையாது.

எங்கே போவது? இப்போது குடியிருக்கும் ஊருக்கு அல்ல, குழந்தை பிறந்த இடத்துக்குரிய பிறப்பு இறப்புப் பதிவாளரிடம். போனதும் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் சரியாக இருந்து சான்றிதழில் மட்டும் பிழை என்றால் வேலை சுலபம், சரியான நகல் ஒன்று தந்தால் போதும். பதிவேட்டிலேயே தவறு என்றால் 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இருக்கிறது, திருத்தும் அதிகாரத்தைப் பதிவாளருக்கே அது கொடுக்கிறது. பழைய பதிவை அடிக்கவோ அழிக்கவோ மாட்டார்கள், ஓரத்தில் சரியான விவரத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள்.

அப்பா பெயரில் ஓர் எழுத்து என்பது வெறும் எழுத்துப் பிழை. பதிவாளர் விசாரித்து, திருப்தியானால் திருத்திவிடலாம். அப்பாவுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மாதிரி, மகள் பிறப்பதற்கு முந்தைய ஆவணமாகக் காட்டினால் நல்லது, ஏனென்றால் பிறகு வாங்கியதைக் காட்டும்போது சந்தேகம் வரும். தேதி அப்படியல்ல, அடிப்படை விவரம். என்ன தவறு, உண்மை என்ன என்று விவரம் தெரிந்த, நம்பகமான இரண்டு பேர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பிரசவத்தின்போது கூட இருந்தவர்கள் என்றால் ரொம்ப நல்லது. இரண்டு பிழைகளையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அப்பா பிற்பாடு கெஜட்டில் பெயர் மாற்றியிருந்தால் அது பிழையே இல்லை, பிறந்த அன்று அவருக்கு இருந்த பெயர்தான் பதிவேட்டில் இருக்கும். அப்படியானால் சான்றிதழோடு கெஜட் நகலையும் சேர்த்துக் காட்ட வேண்டியதுதான்.