கடையில் கிடைக்கும் வாயுவும் மரத்துப்போகும் கால்களும்

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம், சுத்த சைவக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் 20 வயது மகனின் அறையில் விரல் நீள எஃகுக் குப்பிகளும் பலூன்களும் கிடந்தன. கேட்டால், "சிரிப்பூட்டும் வாயுதான், கடையிலேயே விற்கிறார்கள், சட்டப்படி தவறில்லை" என்கிறான். சில வாரங்களாகப் பாதம் மரத்துப்போவதாகவும் சொல்கிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். தாமதிக்காதீர்கள், அம்மா.

சட்டம் பற்றி மகன் சொல்வது தவறு. அந்தக் குப்பிகள் கிரீமை நுரைக்க வைப்பதற்காக விற்கப்படுபவை. போதைக்காக உள்ளிழுக்கும் எண்ணத்தோடு நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது இந்தச் சிரிப்பூட்டும் வாயுவை, வைத்திருப்பதே கலிபோர்னியாவில் குற்றம்; தண்டனைச் சட்டத்தின் 381பி பிரிவு அதைத்தான் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதும் குற்றம். நியூயார்க்கில் இந்தக் குப்பிகளை வாங்க 21 வயதாக வேண்டும். லூசியானா 2024இல் சில்லறை விற்பனைக்கே தடை போட்டுவிட்டது.

என் கவலையெல்லாம் அவர் கால்களைப் பற்றித்தான். இந்த வாயு வைட்டமின் பி12இல் உள்ள கோபால்ட்டைத் தாக்கி, அந்த வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. நரம்புகளின் மேலுறை சிதைகிறது. தண்டுவடத்தின் பின்பகுதி பழுதாகிறது. சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 இருப்பு பெரும்பாலும் ஏற்கெனவே குறைவு என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் தள்ளாடுகிறதா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால், அல்லது நடை தடுமாறினால், இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

வாயுவை உள்ளிழுத்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சிகிச்சைக்காகச் சொல்வதை அவர் ரகசியமாகவே வைத்திருப்பார். இதைச் சொல்லாவிட்டால் நோயே பிடிபடாமல் போகலாம். ஏனென்றால் ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டக்கூடும். பி12 உடலில் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் ஆகியவற்றின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

வாயுவை அடியோடு நிறுத்திவிட்டு, பி12 ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். தள்ளிப்போட்டால் மரப்பும் தள்ளாட்டமும் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுக்க வேண்டாம். பி12 குறைவாக இருக்கும்போது அது நரம்புப் பாதிப்பை மோசமாக்கலாம்.

திட்டுவதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். கால் மரத்துப்போவதை மறைக்காமல் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது.