கிழித்தெடுத்த தாள்களில் யார் எழுத்து?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறுதோறும் கூடுகிறது. பொதுக் குறிப்பேடு ஒன்று உண்டு. ஒருவர் கேள்வி எழுதுவார். மற்றவர்கள் அதன் கீழே தமக்குத் தெரிந்ததை அடுத்தடுத்து எழுதுவோம். ஊர்க் குளங்கள், கோயில் வழக்கங்கள், படித்த நூல்கள் எல்லாம் அதில் இருக்கும். அதிகமான கேள்விகளைத் தொடங்கிவைத்த மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் மனத்தாங்கலுடன் விலகினார். அதற்கு முந்தைய வாரம், “பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று குறிப்பேடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர், தாம் தொடங்கிய பக்கங்களையெல்லாம் கிழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். கேட்டால், “நான் எழுதியதை நான் எடுத்துக்கொண்டேன்” என்கிறார். எங்களில் பாதிப் பேர் அது நியாயம்தான் என்கிறார்கள். அவருக்கு அந்த உரிமை உண்டா? ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்கலாமா? இனிமேல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கணினியா தாளா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. அழிக்க நினைப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் ஒரு பழைய பேரேட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுவே.

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ளது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒழித்தபோது எங்கள் கணக்குப்பிள்ளைக்கும் வேலை போயிற்று. அடங்கல், சிட்டா, புலப்படம் என்று அரசுக்குரிய எல்லாவற்றையும் அவர் ஒழுங்காக ஒப்படைத்தார். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சிவப்புத் துணி ஒட்டிய நீளப் பேரேடு ஒன்றை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது அரசுக் கணக்கு அன்று. ஊர்க் குளத்தின் மடைகளைப் பற்றி அவராக விசாரித்து எழுதி வைத்தது. பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் போதாமல் போனால் எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடைக்காரருக்கு எத்தனை நாழிகை, கார் பருவச் சாகுபடிக்கு முன்பு எந்த வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் மணல் ஏறும் என்று அவர் கேட்பார். நீர்ப்பாய்ச்சிப் பாட்டையா திண்ணைக்குக் கீழே, தோளில் மண்வெட்டியுடன் நின்றபடியே பதில் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் தம் வாழ்நாளில் அறிந்தது அந்தப் பேரேட்டைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை.

“என் பேனா, என் மை, என் கையெழுத்து” என்று கணக்குப்பிள்ளை சொன்னதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாட்டையா காலமான பிறகு, மழை பொய்த்த ஓர் ஆண்டில், எந்த மடைக்கு முதல் உரிமை என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் கைகலந்தபோது அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். பழைய தாள்களோடு சேர்த்து அதையும் கடையில் எடைக்குப் போட்டாயிற்று என்று பதில் வந்தது. மையும் கையெழுத்தும் கணக்குப்பிள்ளையுடையவைதாம், தம்பி. அவற்றால் எழுதப்பட்ட அறிவு யாருடையது? இதைத்தான் உங்களில் அந்தப் பாதிப் பேர் யோசிக்கவில்லை. குறிப்பேட்டில் முதல் நான்கு வரிகளை எழுதியவர், அவற்றின் கீழே மற்றவர்கள் நிரப்பிய முழுப் பக்கத்தையும் தம்முடையது என்று சொல்வது, கல்யாண வீட்டுச் சொதியில் தாம் பிழிந்து ஊற்றிய தேங்காய்ப்பாலைத் திருப்பித் தரச் சொல்லிச் சட்டியையே தூக்கிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

சட்டம் பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் எழுதிய கடிதத்தின் வாசகத்துக்குப் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. கடிதத்தாளோ பெற்றவருக்குச் சொந்தம். அனுமதியின்றி அச்சிடாதே என்று எழுதியவர் தடுக்கலாமே தவிர, பெற்றவரின் பெட்டியைத் திறந்து தாளை எடுத்துவர முடியாது. உங்கள் குறிப்பேடு வட்டத்தின் பணத்தில் வாங்கியது என்று நினைக்கிறேன்.

அவர் கிழித்த பக்கங்களோடு சேதம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பதில்கள் அடுத்த தாளுக்கு நீண்டிருந்தால், எந்தக் கேள்விக்குரியவை என்று தெரியாமல் அவை அநாதையாகக் கிடக்கும். பத்துப்பாட்டை 1889இல் பதிப்பிப்பதற்கு முன்பு உ.வே.சாமிநாதையர் நம் சீமையில் அலைந்ததை நீங்கள் அறிவீர்கள். நச்சினார்க்கினியர் உரை கைக்கு வந்தும், அந்த உரைக்குரிய மூலம் செவ்வையாகக் கிடைக்காமல் திண்டாடி, திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்களின் வீட்டுப் பரண்களைத் தேடினார். அங்கே ஏடுகளைச் சிதைத்தவை காலமும் கரையானும். உங்கள் ஊரில் அந்த வேலையைப் படித்த மனிதர் ஒருவர் கையால் செய்திருக்கிறார்! இன்னொன்றும் உண்டு: நடுவில் தைத்த குறிப்பேடாக இருந்தால், முன்பாதியில் ஒரு தாளைக் கிழிக்கும்போது அதனோடு ஒரே தாளாக மடிந்திருக்கும் பின்பாதித் தாளும் பிடிப்பை இழந்துவிடும். எவையெல்லாம் தளர்ந்திருக்கின்றன என்று இன்றே பார்த்து, தையல் ஓரத்தில் பசை தடவி ஒட்டுங்கள்.

இவ்வளவு கோபமாக எழுதினாலும் அந்த மூத்தவரிடம் எனக்குப் பரிவும் உண்டு. உங்கள் மீதுதான் எரிச்சல் அதிகம். மனத்தாங்கல் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அவரை யார் என்ன சொன்னார்கள், அப்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவமானப்பட்டு வெளியேறுகிறவர், தம்மைச் சிரித்தவர்களின் கையில் தம் எழுத்து இருக்கக்கூடாது என்று நினைப்பது இயல்பு. தம் வீட்டுத் துக்கத்தைப் பற்றி அவர் எதையாவது எழுதியிருந்தால் அதை அவர் எடுத்துக்கொண்டு போகட்டும். ஒருவரும் தடுக்கக் கூடாது. தம் பெயர் அங்கே இருக்க வேண்டாம் என்றால் பெயரை மை பூசி மறைத்திருக்கலாம். பெயரை நீக்கினாலும் கேள்வி நின்றிருக்கும். பதில் எழுதியவர்களின் உழைப்பும் வீணாகியிருக்காது. இந்த ஏற்பாட்டை முன்பே எழுதி வைக்காத உங்கள் வட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

பதில் எழுதியவர்களில் வயதானவர்களிடம் முதலில் போங்கள். நினைவிருக்கும் வரையில் அவர்களைச் சொல்லச் சொல்லி, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் யாரும் வந்து சொல்லி நீங்கள் எழுதியிருந்தால், அவருக்கே முதலிடம்.

விழாவுக்கு அழைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அழைப்பிதழைத் தபாலில் போடாதீர்கள். நீங்களே நேரில் போங்கள். கிழித்த தாள்களை அவர் இன்னும் எரித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தம் கையெழுத்தின் மீது இவ்வளவு பற்றுள்ளவர் அதைச் செய்வது கடினம். திருப்பிக் கேட்காதீர்கள். மற்றவர்கள் எழுதிய பகுதிகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள ஒரு நாள் இரவல் தருவாரா என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், அன்று அவரைப் பேசியவர் யாரோ, அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.