சண்டைப் படம் பார்த்து இரவில் அலறும் 6 வயது மகன்

கேள்வி: வீட்டில் எல்லோரும் பார்க்கும் சண்டைப் படங்களை 6 வயது மகனும் பார்க்கிறான். சில வாரங்களாக நடு ராத்திரியில் அலறி எழுகிறான். பகலில் தங்கையை அடிக்கிறான். ‘அது ரத்தமில்லை, வெறும் சாயம்டா’ என்றாலும் பயம் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: சாயம் என்று சொன்னால் இந்த வயதில் எடுபடாது. 7, 8 வயது வரை பயம் கண்வழியே வருகிறது. ரத்தம் வழியும் அந்த முகம்தான் மனதில் நிற்கும். வில்லன் கடைசியில் செத்துப்போனது நிற்காது. எனவே ராத்திரியில் விளக்கம் வேண்டாம். அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், சின்ன விளக்கைப் போட்டுப் பக்கத்தில் படுங்கள். மறுநாள் பகலில், பயமுறுத்திய முகத்தை வரையச் சொல்லுங்கள். அதற்கு மீசையோ தொப்பியோ அவன் இஷ்டம்போல் வைக்கட்டும். தன் கையால் மாற்றிய முகம் அவ்வளவாக மிரட்டாது. ‘ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பயம் போகாது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அடிப்பது வேறு விஷயம். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அப்படியே அடித்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் காட்டினார். 1963-ல் திரையில் பார்த்த குழந்தைகளும் அதையே செய்தார்கள். 1965-ல் அவர் கண்டதுதான் நமக்கு முக்கியம்: அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். நம் படங்களில் அடிக்கிற ஹீரோவுக்கு விசிலும் பின்னணி இசையும்தான் கிடைக்கின்றன. உங்கள் மகன் பார்த்துச் செய்வது பெரும்பாலும் ஹீரோவைத்தான். அவன் கை ஓங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், ‘அடிக்கக் கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லித் தங்கையிடமிருந்து விலக்குங்கள். திருப்பி அடித்தால் அதே பாடத்தைத்தான் நீங்களும் நடத்துகிறீர்கள். எதிர்பாராமல் சண்டைக் காட்சி வந்தால், ‘அடி வாங்கினவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?’ என்று கேளுங்கள். பெரியவர்களின் மௌனத்தைக் குழந்தை சம்மதமாக எடுத்துக்கொள்ளும்.

வளர்ந்து ரவுடியாகிவிடுவானோ என்று கலங்க வேண்டாம். படம் மட்டுமே யாரையும் அப்படி ஆக்குவதில்லை. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியின் பாதிப்பு அதைவிடப் பெரிது.

இப்போது தணிக்கைச் சான்றிதழில் யுஏ 7+, 13+, 16+ என்று வயது இருக்கிறது. அவனுக்கு ‘யு’ படம் போதும். செய்திச் சேனலையும் மறக்காதீர்கள்: ஒரே விபத்தைப் பத்து முறை காட்டினால், பத்து விபத்து நடந்ததாகச் சின்னக் குழந்தை நினைக்கும்.

படங்களை நிறுத்தி ஒரு மாதமாகியும் அலறல் தொடர்ந்தாலோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்து மறுபடி வந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.