62 சிசி என்று ஒட்டியிருந்தால் 62 சிசி ஆகிவிடுமா?

கேள்வி: விலை குறைவு என்று ஒரு செயின்சா (மரம் அறுக்கும் மிஷின்) வாங்கினேன். மேலே 62 சிசி என்று ஒட்டியிருக்கிறது. நண்பரின் 50 சிசி கம்பெனி மிஷின் இதைவிட வேகமாக அறுக்கிறது. ஏன்?

பதில்: அந்த ஸ்டிக்கரை நம்பாதீர்கள். இந்த ரகத்தில் அடிக்கடி காணும் அளவு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 34 மி.மீ. கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வருகிறது. அதே இன்ஜினை ஒருவர் 58 என்று விற்கிறார், இன்னொருவர் 62 என்கிறார். தராசில் எடை குறைத்து விற்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கையேட்டில் போர், ஸ்ட்ரோக் இருந்தால் அதையும், விளம்பரப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சிலிண்டரைக் கழற்றி அளப்பதெல்லாம் பிறகு. கழற்றிவிட்டால் விற்றவர் அதையே சாக்காகச் சொல்வார்.

பணம் வராவிட்டால் முதலில் செயினை மாற்றுங்கள். கூடவே வரும் செயின் பெரும்பாலும் கூரே இருக்காது. பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன்), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்) எண்ணிக்கை மூன்றும் பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்கு, பொருந்த வேண்டும்.

கேள்வி: ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டலாமா? ஆயில் விலை அதிகமாக இருக்கிறது.

பதில்: கூடாது. செயின்சா இன்ஜினின் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு எந்த வழியிலும் ஆயில் போகாது.

கேள்வி: பவர் கூடும் என்று சைலன்சரின் துளையைப் பெரிதாக்கினேன். சத்தமும் வேகமும் நன்றாக இருந்தன. அன்றைக்கே பிஸ்டன் சீஸ் ஆகி (சிலிண்டரில் இறுகி) நின்றுவிட்டது. மட்டமான பிஸ்டனா?

பதில்: கார்புரேட்டரைத் தொட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தொட்டிருக்க மாட்டீர்கள். புகை வெளியேறுவது சுலபமானால் இன்ஜின் காற்றை அதிகம் இழுக்கும். அதற்கு ஏற்றபடி கார்புரேட்டரில் முழு வேகப் பெட்ரோலுக்கான எச் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. அது குறைந்தால் சூடும் ஏறும், வழுக்கலும் போகும். மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக உடைய வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிவாக வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே கிறீச்சென்று உச்சத்துக்குப் போனால் உடனே நிறுத்துங்கள். இதைக் கற்றுக்கொள்ளாமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: செயின் பிரேக் அடிக்கடி தானாக விழுந்து தொல்லை கொடுத்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். மிஷினுக்கு ஏதும் பாதிப்பு வருமா?

பதில்: மிஷினைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆபத்து உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும். இன்றே திரும்ப மாட்டுங்கள், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பார் நுனியின் மேல்பாதி இன்னொரு கிளையில் பட்டால், ஓடும் செயின் அதைக் கவ்வி பாரை உங்களை நோக்கித் தூக்கி எறியும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கையால் தடுக்கவே முடியாது. முன்னால் இருக்கும் கைக்காப்பு மணிக்கட்டில் பட்டோ, உதறலிலேயோ சாயும்போது, உள்ளே இருக்கும் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கி செயினை நிறுத்துகிறது. உயிரைக் காக்கும் அந்தப் பாகத்தில்தான் மலிவு மிஷின் செய்பவர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். நான் வாங்கிய ஒன்றில் கைக்காப்பு 'கிளிக்' என்று சரியாகவே விழுந்தது. செயின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விற்றவரிடம் கேட்டால், எல்லா மிஷினும் அப்படித்தான் என்றார். பச்சைப் பொய். ஸ்டில் கம்பெனியின் பழைய 070 வடிவ நகல்கள் பலவற்றில் செயின் பிரேக்கே கிடையாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அவற்றை வாங்காதீர்கள்.

இரண்டு கையாலும் பிடித்து முழு வேகம் கொடுத்து, இடது மணிக்கட்டால் காப்பை முன்னால் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். அடுத்து இன்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, ஒரு முழ உயரத்திலிருந்து பார் நுனியை மரக்கட்டை மேல் விழ விடுங்கள். பின் கைப்பிடியை மட்டும் பிடித்திருங்கள். பிரேக் தானாக விழ வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அது பழுதான சரக்கு. ஒன்றும் இடிக்காமலே பிரேக் விழுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்துபோன கொக்கிதான் காரணம். சின்ன பாகம், மாற்றிவிடலாம்.

கேள்வி: பிரபல கம்பெனியின் பெயர், நிறம், சீரியல் நம்பர் எல்லாம் இருந்தது. சர்வீஸ் சென்டரில் இது எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது.

பதில்: அவமானப்பட வேண்டியவர் விற்றவர், நீங்கள் அல்ல. காப்புரிமைக் காலம் முடிந்த வடிவத்தைத் தன் சொந்தப் பெயரில் செய்து விற்பது வேறு. அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பது மோசடி. சர்வீஸ் சென்டரில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பெட்டி, பில், விளம்பரப் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விற்ற தளத்தில் போலிச் சரக்கு என்றே புகார் எழுதுங்கள். 'திருப்தி இல்லை' என்று எழுதினால் அலைக்கழிப்பார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே ஆட்சேபம் கொடுங்கள். பெயருக்குச் சொந்தமான கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: ஸ்டில் எம்எஸ் 660 செயின்சாவின் நகல் கிட் (தனித்தனிப் பாகங்கள்) வாங்கி நானே பூட்டப் போகிறேன். சிலிண்டருக்கு அடியில் வரும் மெல்லிய கேஸ்கெட் தகட்டை எடுத்துவிடலாமா? வேறு எதை மாற்றலாம்?

பதில்: 91.6 சிசி இன்ஜின், அதைத் தொடுமுன் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் ஓரம் வரை விட்டு, கையால் கிராங்கைச் சுற்றி, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள். கேஸ்கெட் இல்லாமலும் 0.5 மி.மீ. இடைவெளி மிஞ்சினால் எடுக்கலாம், அதற்குக் குறைந்தால் தொடாதீர்கள்.

பிஸ்டனின் குறுக்கு ஊசியை நகராமல் பிடிக்கும் சர்க்லிப் வளையம் கிட்டோடு வரும், அதை மட்டும் போடவே போடாதீர்கள். எனக்கு வந்த ஒரு கிட்டில் அது கழன்று சிலிண்டர் சுவரை உழுதுவிட்டது. விற்றவர் பதிலே தரவில்லை. அசல் கம்பெனி சர்க்லிப், அசல் ஆயில் சீல், அசல் பெட்ரோல் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் (வாயு போகும் துளை) விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும், மெல்லத் தேய்த்து மழுக்குங்கள். பூட்டுமுன் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவுங்கள், உள்ளே இரும்புத் தூள் இருக்கும்.