கூடைப்பந்தில் இளம் சென்டர் வீரர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) தேறுவாரா என்று முதல் சீசனிலேயே சொல்ல முடியுமா?

கஷ்டம். உயரமான பையன்களுக்கு உடம்பு வசப்படவே சில வருடம் பிடிக்கும். நிகோலா யோகிச் என்பிஏ எனும் அமெரிக்க லீக்கின் 2014 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 41-ஆவது ஆள், 2021-இல் எம்விபி, அதாவது அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர். நம்ம சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி எடுத்தது, ஏழடிக்கு மேல் உயரம், ஆனால் ஒரு என்பிஏ லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

பிளாக் (எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது) கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. எல்லாப் பந்துக்கும் துள்ளுபவருக்கும் பிளாக் கிடைக்கும், ஆனால் ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கோட்டைவிடுவார். ஆடிய நிமிடங்களோடு ஒப்பிட்டால் ஃபவுல் வருடா வருடம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், எங்கே நிற்பது என்று பிடிபட்டுவிட்டது. அப்புறம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பின் யாரும் மறிக்காமல் எறிவது) சதவீதம். கை பதமாகிறதா என்பது அதில் தெரியும்.

சென்னை பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் ஆட்டம் பார்த்தால், எதிரணி கார்ட் (பந்தைத் தட்டிக்கொண்டு வரும் வீரர்) கூடையை நோக்கி உள்ளே பாயும்போது பந்தை விட்டுவிட்டு சென்டரின் காலைக் கவனியுங்கள். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நகர்கிறாரா, குதிகாலில் நிமிர்ந்து நிற்கிறாரா? முதலாவதுதான் நல்ல அறிகுறி.