துணிக்கடையில் வாசனை மெஷின் வைக்கலாமா? சேலத்தில் நாங்கள் பட்டதும் கற்றதும்

கேள்வி இதுதான்: சேலத்தில் புதிதாகத் துணிக்கடை திறக்கிறேன், ஏசியோடு சேர்த்து வாசனை மெஷின் வைத்தால் வருகிறவர்கள் கூடுதல் நேரம் இருப்பார்கள், கூடுதலாக வாங்குவார்கள் என்று விற்பவர் சொல்கிறார், உண்மையா, எந்த வாசனை வைப்பது?

அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை நாங்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது பட்டுப்புடவைக் கடை, அக்ரகாரம் பக்கம். மாமனார் தொடங்கியது, கல்லாவில் இன்றும் அவர்தான் உட்காருகிறார், கொள்முதலும் மற்றதும் நானும் என் கணவரும். நாலு வருடம் முன்பு கடையைப் புதுப்பித்து ஏசி போட்டபோது 18,000 ரூபாய்க்கு ஒரு வாசனை மெஷினும் வாங்கினோம். சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஏசி டக்ட்டுக்குள் போகும். ‘வெள்ளைத் தேயிலை’ என்று பெயர் போட்ட எண்ணெய், பெரிய ஓட்டல் லாபியில் எல்லாம் இதுதான் ஓடுகிறது என்றார்கள். முதல் நாள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் வாழப்பாடி பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், பேத்தி கல்யாணத்துக்கு. செருப்பை விட்டுவிட்டு மெத்தையில் உட்கார்ந்தவர், புடவையைப் பார்க்காமல் மேலே கீழே பார்த்தார். “ஏங் கண்ணு, ஜவுளிக்கடை வாசமே இல்லியே, ஆஸ்பத்திரிக்குள்ள வந்தாப்ல இருக்குது” என்றார். நான் சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை விரித்தேன். வாங்கிக்கொண்டுதான் போனார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவைப் பெட்டியோடு திரும்பி வந்து கல்லாவில் வைத்தார். சண்டை எதுவும் போடவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “பிரிச்சதும் சென்ட் வாசம் வருதுங்க, யாரோ கட்டிட்டு மடிச்சு வெச்ச மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க.”

முகூர்த்தத்துக்குக் கோடிதான் எடுப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒருவர் உடம்பிலும் படாத துணி. அதற்கு அடையாளம் கசங்காத மடிப்பும் அந்தப் புதுத்துணி வாசமும்தான், கஞ்சியும் சாயமும் பட்டும் கலந்து வருமே அது. பட்டு விலங்கு நார், முடியைப் போலப் புரதம், சுற்றி இருக்கும் வாசனையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். மூன்று வாரம் அலமாரியில் ஓட்டல் எண்ணெயைக் குடித்த புடவை, மனித உடம்பில் பூசுகிற சென்ட்டை நினைவுபடுத்தியதில் ஆச்சரியம் இல்லை. மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் வேறு புடவை மாற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மெஷினை நிறுத்தினோம். அவர் முன்பெல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டுவந்த சாம்பிராணியைக் கடை புதுசான பிறகு நாங்கள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், அது அப்போதுதான் எனக்கு உறுத்தியது.

இதனால் வாசனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாசனை வேலை செய்கிறது என்பதால்தான் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகப் போகும். மூக்கில் பிடித்த வாசனை அங்கே நிற்காமல் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிக்கு நேராகவே போய்விடும். மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் மனிதனுக்குச் சுமார் 400 வகை, அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-இல் நோபல் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் யோசித்து முடிவெடுக்கும் முன்பே மூக்கு ஒன்றைச் சொல்லிவிடும். அது என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் கடையில் அது “இந்தப் புடவை புதுசு இல்லை” என்று சொல்லிவிட்டது.

கடைகளில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எரிக் ஸ்பாங்கன்பர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதிலேயே பல வருடம் உழைத்தவர். 1996-இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், வாசனை இல்லாத இடத்தில் இருந்தவர்களுக்கு உண்மையில் ஆனதைவிட நேரம் அதிகமாகிவிட்டதாகத் தோன்றியது, வாசனை உள்ள இடத்தில் அப்படித் தோன்றவில்லை. உங்கள் மெஷின்காரர் சொல்வது இதிலிருந்துதான் வந்திருக்கும். அவருடைய குழு 2005-இல் கிறிஸ்துமஸ் வாசனையைச் சோதித்தது: கிறிஸ்துமஸ் பாட்டோடு சேர்ந்தபோது கடை பிடித்திருந்தது, பாட்டு வேறாக இருந்தபோது அதே வாசனை கடையின் மதிப்பைக் குறைத்தது. துணிக்கடையிலும் பார்த்தார்கள், 2006-இல். பெண்கள் துணி இருக்கும் பக்கம் வெனிலா, ஆண்கள் பக்கம் காரமான ஒரு ரோஜா வாசனை. தங்களுக்குப் பொருந்திய வாசனை இருந்தபோது ஆட்கள் கூடுதலாக வாங்கினார்கள், மாறிப்போனால் குறைந்தது. அப்புறம் 2013-இல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு வீட்டு அலங்காரப் பொருள் கடையில், வெறும் ஆரஞ்சு வாசனை ஒரு நாள், ஆரஞ்சோடு துளசி வகையும் பச்சைத் தேயிலையும் கலந்தது ஒரு நாள் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். எளிய ஆரஞ்சு இருந்த நாட்களில் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் செலவு. கலவை எண்ணெயால் பிரயோஜனம் இல்லை. விலை கூடிய எண்ணெய், பத்து வாசனை சேர்ந்தது என்று யாராவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கடையில் என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன்.

மெஷினை நிறுத்தியதும் கடையின் சொந்த வாடை வெளியே வந்தது, அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பாச்சை உருண்டை. ஏசி ஃபில்டரில் சேர்ந்த தூசியும் தண்ணீர்த் தட்டில் தேங்கியிருந்த பாசியும். மாடிப்படிக்குக் கீழே கடைப்பெண்கள் மதியம் டப்பா திறக்கும் இடம். செருப்பு விடும் இடம், மழைநாளில் அங்கே நிற்கவே முடியாது. இவ்வளவுக்கும் மேல்தான் நாங்கள் வாசனையை ஊற்றிக்கொண்டிருந்தோம். ஏசி சர்வீஸ், எக்ஸாஸ்ட் ஃபேன், சாப்பிட மொட்டை மாடியில் தனியறை, இதற்கே மெஷின் விலையைவிட அதிகம் ஆனது. பாச்சை உருண்டையை எடுத்துவிட்டு வசம்பையும் வெட்டிவேரையும் மல்துணியில் முடிந்து அலமாரியில் வைத்தோம், புடவையில் படாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், புடவைகளையும் பிரித்து மடிப்பு மாற்றிப் போடுகிறோம். இந்த வாசம் புடவையோடு வீட்டுக்குப் போனாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை, பாட்டி பீரோவைத் திறந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு.

வாசலுக்கு வ.உ.சி. மார்க்கெட்டிலிருந்து காலையில் மரிக்கொழுந்து வரும், ஒரு பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு வைப்போம். உள்ளே நுழைகிறவர் குனிந்து செருப்பைக் கழற்றும்போது முகத்துக்கு நேராக இருக்கும். மெஷினையும் தூக்கிப் போடவில்லை, டக்ட்டிலிருந்து கழற்றிச் செருப்பு விடும் இடத்தில் மாட்டியிருக்கிறோம், எலுமிச்சைப்புல் எண்ணெய் மட்டும், மிகக் குறைவாக. வெள்ளிக்கிழமை சாம்பிராணி கடை திறக்கும் முன்பு, புடவை எதுவும் விரிக்காதபோது. வாடிக்கையாளர் வரும்போது புகை போயிருக்கும், வாசம் லேசாக நிற்கும்.

மூக்கு சீக்கிரம் பழகிவிடும், இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சில நிமிடத்தில் நமக்கு வாசனை தெரியாமல் போய்விடும், மெஷின் ஓடவில்லையோ என்று கூட்டி வைப்போம், வெளியிலிருந்து வருகிறவருக்கு மூச்சடைக்கும். நாங்கள் இப்படித்தான் மூன்று தடவை கூட்டினோம். அந்த நாட்களில் எங்கள் கடைப்பெண் ஒருத்தி தினம் மூன்று மணிக்குத் தலைவலி மாத்திரை போட்டிருக்கிறாள், வேலை போய்விடுமோ என்று சொல்லவில்லை. மெஷினை நிறுத்திய வாரம்தான், “அக்கா, இப்ப தலைவலி இல்லைக்கா” என்றாள். வாடிக்கையாளர் அரை மணி நேரம் இருப்பார், அவள் பத்து மணி நேரம் அதே காற்றில் நிற்கிறாள். இன்று அளவு சரிதானா என்று நான் கேட்பது கூரியர் கொண்டுவரும் பையனிடம். “தம்பி, உள்ளே வந்ததும் என்ன வாசம் வந்துச்சு?” என்பேன். “ஒண்ணும் தெரியலையே, மரிக்கொழுந்து மாதிரி லேசா…” என்றால் அன்றைக்கு அளவு சரி. தெருவிலேயே வாசம் வந்தது என்றால் குறைப்பேன்.

மெஷின் வகையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் எண்ணெய் விட்டு ஆவி மாதிரி வருவது துணிக்கடைக்கு ஆகாது, ஈரம் சேரும். சூடும் தண்ணீரும் இல்லாமல் காற்றழுத்தத்தில் எண்ணெயை நுண்துளியாக்குவது பரவாயில்லை, வாய் துணிக்கு மேலே இருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை புஸ் என்று அடிக்கும் டப்பா கழிவறைக்கு மட்டும். வாடை எடுக்க ஓசோன் மெஷின் வைக்கச் சொல்லுவார்கள், அதையும் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயையும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். அந்த எண்ணெய்களில் உள்ள லிமோனீன் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும், மூச்சுக்குக் கெடுதல்.

கடைக்குப் பொருந்துவது எது என்று எனக்கு இன்னும் தெளிவானது ஏற்காட்டில். என் அண்ணன் அங்கே சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறார், நாலு அறை, சுற்றி கொஞ்சம் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. மழைக்காலத்தில் அறையில் மக்கல் வாடை வரும், அதற்காக வரவேற்பறை முழுக்க வெனிலா ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் வாந்தி வருகிற நிலையில் இறங்குகிறார்கள், எதிரே அந்த இனிப்பு வாசம். ஒரு குழந்தை வாசற்படியிலேயே வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். “அண்ணா, முதல்ல ஜன்னலைத் திற, வேற எதுவும் வேண்டாம்” என்றேன். ஓட்டு ஒழுக்கலைச் சரிசெய்து, சுவரில் பூஞ்சை பிடித்த பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்த பிறகு மக்கல் வாடை போய்விட்டது. இப்போது வருகிறவர்களுக்கு வெறும் மலைக்காற்றும் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீரும்.

காலை ஏழு மணிக்கு அண்ணி தோட்டத்துக் காபிக்கொட்டையை இரும்புச் சட்டியில் வறுப்பார். முதலில் பச்சைப் புல் வாசம், அப்புறம் ரொட்டி சுடுவது போல, கொட்டை படபடவென்று வெடிக்கும்போதுதான் நமக்குத் தெரிந்த அந்தக் காபி வாசம் எழும். அறைக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கிளம்பும்போது காபித்தூள் கேட்காதவர்கள் குறைவு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர், அந்த மலைக்கு இப்போது அதுதான் சொந்த வாசம். வறுத்து முடியும் வரை தாளிப்பு எதுவும் போடக் கூடாது என்பது அண்ணி வைத்த சட்டம். ஸ்டார்பக்ஸும் 2008-இல் சூடான சாண்ட்விச்சை நிறுத்தப்போவதாக அறிவித்தது இதற்குத்தான், உருகிய சீஸ் வாசம் காபி வாசத்தை அமுக்குகிறது என்று.

உங்கள் கடைக்கு வருவோம். கல்யாணத் துணி, குழந்தைத் துணி விற்பதாக இருந்தால் துணி இருக்கும் ஹாலில் மெஷின் வேண்டாம் என்பேன். ஆண்கள் ரெடிமேட் மட்டும் என்றால் வைத்துப் பார்க்கலாம், ஒரே ஒரு எளிய வாசனை, வாசல் பக்கம், கொஞ்சமாக. வாங்கும் முன்பு இரண்டு வாரம் சும்மா கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள். ஒரு நாள் ஓடட்டும், ஒரு நாள் நிற்கட்டும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பில், எவ்வளவு தொகை என்று நோட்டில் குறியுங்கள். ஆடித் தள்ளுபடியிலும் ஆவணி முகூர்த்த நெருக்கத்திலும் பார்க்காதீர்கள், கூட்டம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. வேலை செய்கிறவர்களில் யாருக்காவது ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

கடை ஏசியா, எந்தத் துணி, பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். பக்கத்தில் தட்டுவடை செட் போடுகிறவர் இருந்தால் அதையும் எழுதுங்கள், நாலு மணிக்கு மேல் பூண்டு வாசம் உங்கள் கதவு வரைக்கும் வரும்.