மக்காச்சோளம் விற்கவா இவ்வளவு படிப்பு?

வணக்கம் ஐயா. உங்கள் மகள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேளாண் பொருளாதாரம் முடித்துவிட்டு, தானியம், எரிபொருளாகும் எத்தனால் ஆகியவற்றின் ஏற்றுமதியை வளர்க்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். "மக்காச்சோளம் விற்கவா இவ்வளவு கடன் வாங்கிப் படிக்கவைத்தேன்?" என்று கேட்டிருந்தீர்கள்.

விற்பது கம்பெனிகளின் வேலை. 1960-ல் தொடங்கிய யு.எஸ். கிரெயின்ஸ் கவுன்சில் (2025 முதல் யு.எஸ். கிரெயின்ஸ் அண்ட் பயோபிராடக்ட்ஸ் கவுன்சில்) ஒரு மூட்டைகூட விற்பதில்லை. விவசாயிகள் தங்கள் விளைச்சலிலிருந்து கொடுக்கும் பணத்திலும் அமெரிக்க வேளாண் துறை நிதியிலும் நடக்கிற அமைப்பு அது. வாங்குகிற நாட்டுக்காரருக்குச் சரக்கைப் புரியவைப்பதுதான் அங்கே வேலை. அதே 1960-ல், புயலில் நொந்துபோன ஜப்பானின் யமனாஷிக்கு அயோவா விவசாயிகள் பன்றிகளையும் அவற்றுக்குத் தீனியாக மக்காச்சோளத்தையும் அனுப்பினார்கள். ஜப்பான் இன்றும் அமெரிக்க மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. உறவு முதலில், வியாபாரம் அப்புறம்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 11 லிட்டர் எத்தனால் வரும். 7, 8 கிலோ புரதம் மிகுந்த சக்கையும் மிஞ்சும். டிடிஜிஎஸ் என்று ஆலைகளில் சொல்வார்களே, அதுதான். அதைக் கையில் அள்ளிப் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் நல்லது. கருத்துப்போய்க் கருகல் வாசம் அடித்தால், காய வைக்கும்போது சூடு கூடி, கோழி வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற புரதக்கூறு கெட்டிருக்கும். வேறொரு நாட்டின் தீவன ஆலைக்காரர் முன் நின்று இதை விளக்கி, எந்தக் கோழிக்கு எவ்வளவு கலக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. பண்ணையில் வளர்ந்த பெண்ணுக்கு இது பெரிய பலம்.

விசா விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்க வேளாண் துறையின் வெளிநாட்டுப் பிரிவில் சேரக் குடியுரிமை வேண்டும். அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது. கவுன்சில் சின்ன அமைப்பு, இடங்கள் குறைவு. எச்-1பி வேலை விசாக் குலுக்கலை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். அதனால் கார்கில், பங்கி போன்ற தானியக் கம்பெனிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியபின் நம் ஊர்த் தீவன விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஊர் திரும்பினாலும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது, உங்களுக்குத் தீவனம் தரும் ஆலையின் லேபில் பத்து நாள் உட்காரட்டும். ஆலைக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.